ஏழு சீட் வண்டியும் ஒரு ராஜபாளையம் நாயும்

ஏழு பேர் அமரலாம் என்று விற்கப்படும் கார்களில் பெரும்பாலானவற்றில், ஏழு பேரும் உண்மையிலேயே ஏறி அமர்ந்துவிட்டால் ஆளுக்கொரு பயணப் பை வைப்பதற்குக்கூட இடம் மிஞ்சுவதில்லை. மூன்று வரிசைகளும் நிமிர்ந்திருக்கும்போது மாருதி எர்டிகாவின் டிக்கிக் கொள்ளளவு 209 லிட்டர், கியா கேரன்ஸில் 216 லிட்டர், ரெனோ டிரைபரில் வெறும் 84 லிட்டர். ஆகவே பெரிய குடும்பக் கார் தேடுகிறவர் எத்தனை சீட் என்று கேட்பதைவிட, யார் எங்கே உட்காருவார்கள், அவர்கள் உட்கார்ந்த பிறகு மிச்சமாகும் இடத்தின் நீள அகல உயரம் என்ன என்று கேட்பதே பயனுள்ளது. வீட்டில் பெரிய நாய் ஒன்றும் இருந்துவிட்டால் அந்த உயரம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்பது, ஷோரூம் ஷோரூமாக இஞ்ச் டேப்போடு ஏறி இறங்கியதில் எங்களுக்குத் தெளிவாகியது.

எங்கள் வீட்டுக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். நானும் கணவரும், நான்காம் வகுப்புப் படிக்கும் மகன், எல்.கே.ஜி. போகும் மகள், அவ்வப்போது உடன் வரும் மாமியார், இவர்களோடு வெள்ளைச்சாமி என்கிற ராஜபாளையம் நாய். பெயர் வைத்தவன் என் மகன். எங்கள் தெருவில் அதே பெயருடைய பெரியவர் ஒருவர் இருப்பதால், வாசலில் நின்று நாயைக் கூப்பிடுவதை நாங்கள் எப்போதோ கைவிட்டுவிட்டோம். குடியிருப்பது கோயம்புத்தூரில், என் அம்மா வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். பல்லடம், தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரை, திருமங்கலம் என்று போய்ச் சேருவதற்குள் பகலில் பாதி கழிந்துவிடும். பேருந்தில் இவ்வளவு பெரிய நாயை ஏற்ற மாட்டார்கள். வாடகைக் கார்க்காரர்கள் தொலைபேசியிலேயே மறுத்துவிடுவார்கள். ரயிலில் கொண்டுபோவதென்றால் முதல் வகுப்பு ஏ.சி.யில் இருவருக்கான தனி அறையான ஒரு கூப்பே முழுவதையும் எடுக்க வேண்டும், அல்லது கார்டு பெட்டியில் இருக்கும் நாய்க்கூண்டில் அடைத்து அனுப்ப வேண்டும். பழகாத நாய்க்கு அந்தக் கூண்டு பெரும் தண்டனை. எனவே விடுமுறைக்கு ஊருக்குப் போவதா வேண்டாமா என்பதே கடைசியில் காரைப் பொறுத்த விஷயமாகிவிட்டது. இருந்த சிறிய ஐந்து சீட் காரில் குழந்தைகள் இருவருக்கும் நடுவே நாய் நின்றுகொண்டே வருவதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டியிருந்தது.

கார்களை அளப்பதற்கு முன் நாயை அளந்தோம். வளர்ந்த ராஜபாளையத்தின் தோள் உயரம் சாதாரணமாக 65 முதல் 75 செ.மீ. வரை இருக்கும், கழுத்து நீளமாதலால் தலை நிமிர்ந்தால் காதுநுனி மூன்று அடியைத் தொட்டுவிடும். நாய் எப்போதும் நின்றுகொண்டே வராது என்பது உண்மைதான். ஆனால் படுத்த நாய் புரண்டு படுக்கவும், எழுந்து ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி படுக்கவும் இடம் இல்லாவிட்டால் அரை மணி நேரத்தில் முனக ஆரம்பித்துவிடும். அந்த முனகல் பின்சீட்டுக் குழந்தைகளுக்குத் தொற்றும். அதன் பிறகு ஓட்டுகிறவருக்குத் தொற்றும். எனவே மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரையிலான நீளம், நின்றால் தலை உயரம், கால் நீட்டிப் பக்கவாட்டில் படுத்தால் பிடிக்கும் அகலம் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டோம். பழைய ஃபிரிட்ஜ் அட்டைப்பெட்டி ஒன்றை நாயின் பக்கவாட்டு உருவத்துக்கு வெட்டி எடுத்துக்கொண்டது என் கணவரின் யோசனை. நாயை உள்ளே விடாத ஷோரூம்களில் அந்த அட்டை நாய்தான் எங்களோடு டிக்கியில் ஏறியது.

அட்டையை வைத்துப் பார்த்தபோதுதான் மூன்றாம் வரிசை மடங்கும் விதத்தில் எவ்வளவு வேறுபாடு இருக்கிறது என்பது புரிந்தது. விளம்பரங்கள் எல்லாமே மூன்றாம் வரிசையை மடக்கினால் சமதளம் கிடைக்கும் என்கின்றன. அந்தச் சமதளம் எந்த உயரத்தில் கிடைக்கிறது என்பதை யாரும் சொல்வதில்லை. எர்டிகாவில் மூன்றாம் வரிசையின் முதுகுப்பகுதி, உட்காரும் பகுதியின் மீதே முன்னோக்கிச் சாய்கிறது. டிக்கியில் உள்ள பலகையை மேலே வைத்தால் தளம் ஒரே மட்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த மட்டத்துக்கு அடியில் ஒரு முழு இருக்கையின் தடிமன் கிடக்கிறது. நீளம் தாராளமாகக் கிடைத்தது, உயரம் குறைந்துவிட்டது. அட்டை நாயின் கழுத்துக்கு மேலே உள்ள பகுதி கூரையில் மடங்கி நின்றது. இதே வண்டி ஒரு லாப்ரடாருக்கோ நாட்டு நாய்க்கோ போதுமானதாக இருந்திருக்கும், அதன் விலைக்கும் மைலேஜுக்கும் யாரும் குறை சொல்ல முடியாது. சி.என்.ஜி. எர்டிகா மலிவாக ஓடும் என்று நண்பர் ஒருவர் பரிந்துரைத்தார்; அதில் வாயு உருளை டிக்கியில் உட்கார்ந்திருப்பதால் எங்கள் தேவைக்கு அது முதல் பார்வையிலேயே கழிந்தது.

டிரைபர் இதற்கு நேர்மாறான வழியில் சிந்திக்கப்பட்ட வண்டி. அதன் மூன்றாம் வரிசை இருக்கைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி எடுத்து வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம். கழற்றினால் 625 லிட்டர் இடம் கிடைக்கிறது என்பதைவிட, இருக்கையே இல்லாததால் தளம் தாழ்வாகவே இருக்கிறது என்பதுதான் உயரமான நாய் வளர்ப்பவருக்கு முக்கியம். நான்கு மீட்டருக்குள் அடங்கும் வண்டி என்பதால் நகரத்தில் நிறுத்துவதும் எளிது. ஆனால் அதன் 999 சி.சி. எஞ்சின், ஐந்து பேரையும் ஒரு நாயையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகளை ஏறுவதை நினைத்துப் பார்த்தபோது எங்களுக்குத் துணிவு வரவில்லை. மேலும் கழற்றிய சீட் ஊரில் தேவைப்பட்டால் வீட்டில் கிடக்கும்.

புதிய இன்னோவா ஹைகிராஸில் மூன்றாம் வரிசை தரையோடு மடங்கி 991 லிட்டர் இடம் தருகிறது. முன்சக்கர இயக்கமும், அடியில் தனி இரும்புச் சட்டகம் இல்லாத உடலமைப்பும் சேர்ந்து தளத்தைத் தாழ்த்தியிருக்கின்றன. எல்லா வகையிலும் அது பொருத்தமான வண்டி என்றே இன்றைக்கும் சொல்வேன். எங்களைத் தடுத்தது பணம். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் சாலை வரி உயர்ந்த பிறகு, 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் ரூபாய் வரையுள்ள காருக்கு 13 சதவீதமும், 10 லட்சத்தைத் தாண்டினால் 18 சதவீதமும், 20 லட்சத்தைத் தாண்டினால் 20 சதவீதமும் ஆயுள் வரியாகப் போகிறது. ஷோரூம் விலையை மட்டும் பார்த்துக் கணக்குப் போட்டு வைத்திருந்த பெரிய கார்கள் பலவும், வரியையும் காப்பீட்டையும் சேர்த்த பிறகு எங்கள் கையைவிட்டுப் போயின. பழைய வண்டி என்றால் மாநிலத்துக்குள்ளேயே கைமாறும்போது அந்த ஆயுள் வரியை மறுபடி கட்ட வேண்டியதில்லை.

அப்படித்தான் பழைய இன்னோவா கிரிஸ்டா எங்கள் பட்டியலுக்குள் வந்தது. பெரிய வண்டி வேண்டும் என்றதும் நம் ஊரில் எல்லோரும் முதலில் சொல்வது அதைத்தான் என்பதால், வேண்டுமென்றே அதைக் கடைசியாகத்தான் பார்த்தோம். அதில் எங்களைக் கவர்ந்தது பலரும் குறையாகச் சொல்லும் ஓர் அம்சம். மூன்றாம் வரிசை இரண்டு பாதிகளாகப் பிரிந்து, ஒவ்வொரு பாதியும் பக்கவாட்டில் தூக்கப்பட்டு, ஜன்னலோரமாக வார்ப்பட்டையில் தொங்குகிறது. சாமான் ஏற்றுகிறவர்களுக்கு இது தொல்லை, ஏனெனில் இருபக்கமும் தொங்கும் இருக்கைகள் அகலத்தை விழுங்குகின்றன. உயரமான நாய்க்கோ இது வரப்பிரசாதம்: தளத்தின் மேல் எதுவும் மடங்கிக் கிடக்காததால், தரையிலிருந்து கூரை வரை முழு உயரமும் கிடைக்கிறது. வலது பாதியைத் தூக்கிவிட்டு இடது பாதியை நிமிர்த்தியே வைத்தால், ஒரு பக்கம் நாய் நிற்கும் இடமும் மறுபக்கம் ஓர் ஆள் அமரும் இருக்கையும் ஒரே நேரத்தில் கிடைக்கின்றன. அட்டை நாய் அந்த இடத்தில் கழுத்து மடங்காமல் நின்றது. கடைசியில் நாங்கள் வாங்கியதும் அதைத்தான்.

உண்மையான நாயை ஏற்றிப் பார்ப்பதற்கு ஒப்புக்கொள்ள வைப்பதுதான் பெரும்பாடு. புதிய கார் விற்பனையாளர் ஒருவர், "நாயை ஏத்தோணும்னா மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறனுங்க மேடம்" என்று உள்ளே போனவர், வெகுநேரம் கழித்து வேறொருவரை அனுப்பினார். டெஸ்ட் டிரைவ் வண்டியை வீட்டுக்கே அனுப்பச் சொல்லி, டிக்கியில் பழைய போர்வை இரண்டை விரிப்போம் என்று முன்கூட்டியே சொன்னால் பெரும்பாலும் சம்மதிக்கிறார்கள். ஷோரூமில் கேட்டால் மறுக்கிற அதே ஆட்கள், வாசலில் வந்து நின்ற பிறகு மறுப்பதில்லை. அந்த ஓட்டத்தில் கவனிக்க வேண்டியது எஞ்சினை மட்டுமன்று. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது கடைசிப் பகுதி எவ்வளவு துள்ளுகிறது என்பதை ஒருவர் பின்னால் உட்கார்ந்து உணர வேண்டும். பின் அச்சுக்கு மேலும் அதற்குப் பின்னாலும் படுத்திருப்பது நாய்தான். முன்சீட்டில் தெரியாத குலுக்கல் அங்கே இரட்டிப்பாகத் தெரியும், வாந்திக்கும் அதுதான் காரணம். கிரிஸ்டா போன்ற, இரும்புச் சட்டகத்தின் மீது கட்டிய வண்டிகள் காலியாக ஓடும்போது பின்பக்கம் சற்றுத் துள்ளும் சுபாவம் கொண்டவை. ஆள் நிறைந்தால் அடங்கிவிடும். சட்டகமில்லாத உடலமைப்புள்ள கார்கள் இந்த விஷயத்தில் மேலானவை என்பதை மறைக்க வேண்டியதில்லை.

குழந்தைகளின் இருக்கை ஏற்பாடு நாயைவிடச் சிக்கலானது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்க்கப்பட்ட 194பி பிரிவின்படி, 14 வயது நிரம்பாத குழந்தையை சீட் பெல்ட் பட்டையோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் 1000 ரூபாய் அபராதம். அபராதம் ஒரு பக்கம் இருக்கட்டும். பெரியவர்களுக்காக அளவெடுத்த பட்டை சிறு குழந்தைக்குக் கழுத்திலும் வயிற்றிலும் குறுக்கே போகிறது. தோளிலும் இடுப்பெலும்பிலும் போக வேண்டிய பட்டை அங்கே போகாவிட்டால், விபத்தில் அந்தப் பட்டையே காயம் செய்யும். எனவே மகளுக்கு, குழந்தை இருக்கையை வண்டியோடு பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கியில் மாட்டும் இருக்கை கட்டாயம் என்று முடிவு செய்திருந்தோம். பெரும்பாலான ஏழு சீட் வண்டிகளில் இந்தக் கொக்கிகள் இரண்டாம் வரிசையின் இரு ஓரங்களில் மட்டுமே இருக்கின்றன. பழைய வண்டி பார்க்கும்போது விளம்பரத் தாளை நம்பாமல், இருக்கையின் முதுகும் அடியும் சந்திக்கும் இடுக்கில் கையை விட்டு இரும்பு வளையம் தட்டுப்படுகிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். மாதிரிக்கு மாதிரி அது மாறும்.

குழந்தை இருக்கை மாட்டிய சீட்டை மடக்கித் தள்ள முடியாது என்பது வாங்கிய பிறகுதான் பலருக்கும் தெரிகிறது. மூன்றாம் வரிசைக்குப் போகும் வழி பெரும்பாலும் இடது பக்க இரண்டாம் இருக்கையை மடக்கித்தான் திறக்கும். அங்கேயே குழந்தை இருக்கையை மாட்டிவிட்டால் பின்வரிசை ஒவ்வொரு முறையும் பூட்டிய அறை. வலது பக்கம் மாட்டினால் வழி திறந்திருக்கும், ஆனால் குழந்தையை ஏற்றி இறக்க வண்டிகள் பறந்துகொண்டிருக்கும் பக்கத்துக் கதவைத் திறக்க வேண்டும். இதற்கு எங்களுக்குக் கிடைத்த விடை கேப்டன் சீட். இரண்டாம் வரிசையில் தனித்தனியாக இரண்டு இருக்கைகள், நடுவே ஒரு குழந்தை நடந்து போகும் அளவு இடைவெளி. மகளின் இருக்கை வலது பக்கம் இருக்கிறது. அவள் நடைபாதைப் பக்கமான இடது கதவில் ஏறி, இடைவெளி வழியாகத் தன் இடத்துக்குப் போய்விடுகிறாள். வலது கதவைக் குழந்தைப் பூட்டுப் போட்டு நிரந்தரமாகவே அடைத்துவிட்டோம்.

மாமியார் வராத நாட்களில் மகன் இடது கேப்டன் சீட்டில். அவர் வரும் நாட்களில்தான் கணக்கு மாறுகிறது. "அந்தக் கடைசி சீட்டுல ஏறி உக்கார என்னால ஆகாது கண்ணு, முட்டி மடங்காது" என்று அவர் முதலிலேயே சொல்லிவிட்டார், அதில் நியாயமும் இருந்தது. மூன்றாம் வரிசை பெரும்பாலான வண்டிகளில் முழங்கால் மார்பைத் தொடும் இருக்கைதான். அவர் இடது கேப்டன் சீட்டில் அமர, மகன் மூன்றாம் வரிசையின் நிமிர்ந்த இடது பாதியில், மறுபாதியில் நாய். மூன்றாம் வரிசையின் அந்த ஓர இருக்கைக்குத் தோளையும் இடுப்பையும் பிடிக்கும் மூன்று முனைப் பட்டை இருப்பதை உறுதி செய்த பிறகே இதற்கு ஒப்புக்கொண்டேன். நீளமான பெஞ்ச் சீட் உள்ள வண்டிகளைப் பார்ப்பவர்கள் நடு இருக்கையின் பட்டையைக் கட்டாயம் இழுத்துப் பார்க்க வேண்டும். பழைய வண்டிகள் பலவற்றில் அங்கே இடுப்புப் பட்டை மட்டுமே இருக்கும். உயரம் கூட்டும் பூஸ்டர் இருக்கை வைத்துக் குழந்தையை உட்கார வைக்க அது உதவாது.

நாயையும் கட்டித்தான் ஆக வேண்டும். 50 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி மோதி அரை மீட்டர் தூரத்துக்குள் நின்றுவிட்டால், உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளும் தன் எடையைப் போல ஏறக்குறைய 20 மடங்கு விசையோடு முன்னே பாயும். 25 கிலோ நாய் என்றால் அரை டன். அதன் பாதையில் முதலில் இருப்பது குழந்தையின் தலை. கழுத்துப்பட்டையில் கட்டுவது கூடாது. திடீரென்று நிறுத்தினால் கழுத்து முறியலாம். மார்பைச் சுற்றி அகலமாக வரும் ஹார்னஸ் வாங்கி, அதன் குட்டை வாரைத் தளத்தில் உள்ள கொக்கியில் மாட்டுகிறோம். நாய் எழுந்து சுற்றலாம், ஆனால் இருக்கையின் முதுகைத் தாண்ட முடியாது. சந்தையில் கிடைக்கும் பெரிய இரும்புக் கூண்டுகளையும் பார்த்தோம். ராஜபாளையத்துக்குப் பொருந்தும் 48 இஞ்ச் கூண்டு நான்கு அடி நீளம். அதை உள்ளே வைத்தால் மகனுக்கு இடம் இல்லை.

தடுப்புக்கு, பீளமேட்டில் ஒரு லேத் பட்டறையில் அளவு கொடுத்து, தரைக்கும் கூரைக்கும் இடையே திருகி இறுக்கும் இரண்டு குழாய்களும் அவற்றில் பொருந்தும் கம்பிவலைச் சட்டமும் செய்துகொண்டோம். ஒன்று இரண்டாம் வரிசைக்குப் பின்னால் குறுக்காகவும், மற்றொன்று மகனுக்கும் நாய்க்கும் நடுவே நெடுக்காகவும் நிற்கும். பட்டறைக்காரர் வெல்டிங் வைத்தால் அசையாது என்றார். வண்டியின் உடலில் துளையிடுவதையும் வெல்டிங் வைப்பதையும் நான் ஏற்கவில்லை. அனுமதியின்றி வண்டியின் அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. காப்பீட்டில் கேள்வி எழும். மேலும் பக்கவாட்டுத் திரை ஏர்பேக் உள்ள வண்டிகளில் கூரையோரம் எதையும் பொருத்தினால் அது விரியும் வழியை மறிக்கும். முனைகளில் தடித்த ரப்பர் குமிழ் வைத்து இறுக்கியதே போதுமான பிடிப்பைத் தருகிறது.

பழைய கிரிஸ்டா வாங்குவதில் மிகப்பெரிய அச்சம், மஞ்சள் போர்டாக ஓடிய வண்டி வெள்ளை போர்டு மாட்டிக்கொண்டு வருவதுதான். கிலோமீட்டர் காட்டியைத் திருப்பிவிடலாம். மற்ற தடயங்களைத் துடைப்பது கடினம். பிரேக், கிளட்ச் மிதியின் ரப்பர் தேய்ந்து வழுவழுப்பாகியிருக்கிறதா, ஓட்டுநர் சீட்டின் வலது விளிம்பு உட்கார்ந்து உட்கார்ந்து அமுங்கியிருக்கிறதா, கூரையில் கேரியர் கழற்றிய தடம் தெரிகிறதா, வாடகை வண்டிகளுக்குக் கட்டாயமான 80 கி.மீ. வேகக் கட்டுப்பாட்டுக் கருவியின் ஒயர் மிச்சம் தொங்குகிறதா என்று எங்கள் மெக்கானிக் பார்த்த வரிசையையே நானும் மனப்பாடம் செய்துகொண்டேன். எம்பரிவாகன் செயலியில் வண்டியின் வகை, எத்தனையாவது உரிமையாளர், கடன் அடைமானம் உண்டா என்பன தெரியும். சர்வீஸ் சென்டரில் பதிவு எண்ணைச் சொல்லிப் பழைய ஜாப் கார்டுகளை (சர்வீஸ் பதிவுச் சீட்டுகளை) உரிமையாளர் மூலம் கேட்டு வாங்கினால், எந்தத் தேதியில் எத்தனை கிலோமீட்டர் என்பது வரிசையாகக் கிடைக்கும். மாதத்துக்கு ஏழாயிரம் எட்டாயிரம் ஓடியிருந்தால் அது குடும்ப வண்டியாக இருக்க முடியாது. கேப்டன் சீட் வைத்த மாதிரிகளைத் தேடியதில் இன்னொரு நன்மையும் இருந்தது: வாடகைக்கு ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் விரும்புவது கூடுதல் ஆள் ஏறும் பெஞ்ச் சீட்டைத்தான். கைமாற்றும்போது படிவம் 29, படிவம் 30, கடன் இருந்திருந்தால் வங்கியின் தடையின்மைச் சான்றும் படிவம் 35-ம் கையில் வாங்கிய பிறகே முழுப்பணத்தையும் கொடுக்க வேண்டும்.

வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நாய்க்கு நம்மைப் போல உடலெங்கும் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இளைப்பதுதான் அதன் முக்கியமான குளிர்ச்சி வழி. ராஜபாளையத்துக்கு மெல்லிய வெள்ளை முடியும் அடியில் இளஞ்சிவப்புத் தோலும் இருப்பதால் வெயில் நேராகப் பட்டால் தோல் புண்ணாகும். ஆகவே கடைசி வரிசை வரைக்கும் ஏ.சி. காற்று போகிறதா என்பதை வண்டி நின்றிருக்கும்போதே கை வைத்துப் பார்க்க வேண்டும். சில கார்களில் கூரைக் காற்று இரண்டாம் வரிசையோடு முடிந்துவிடுகிறது. கிரிஸ்டாவில் கூரைத் துளைகள் பின்வரிசைக்கும் இருக்கின்றன. பக்கவாட்டில் தொங்கும் மடக்கிய இருக்கை அந்தப் பக்கத்து ஜன்னலைப் பாதிக்குமேல் மறைத்துவிடுவதால், நாய்க்கு அதுவே நிழலாகவும் ஆகிவிட்டது. வெள்ளைச்சாமிக்கு இதில் மனக்குறைதான். வேடிக்கை பார்க்க இப்போது பின்கண்ணாடி மட்டும்தான்.

நிறுத்திய காரின் உள்ளே முதல் பத்து நிமிடங்களிலேயே வெப்பம் ஏறத்தாழ 10 டிகிரி ஏறிவிடும். கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி வைப்பதால் பெரிய மாற்றம் வருவதில்லை. சித்திரை வெயிலில் ஒட்டன்சத்திரத்துச் சாலையோர ஓட்டலில் எல்லோரும் ஒன்றாகப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவது என்பது எங்களுக்கு இல்லாமல் போனது. ஒருவர் வண்டியில் ஏ.சி. ஓட இருப்பார், அல்லது மரநிழலில் நாயைப் பிடித்துக்கொண்டு நிற்பார். முறை மாற்றிச் சாப்பிடுவோம். கோடையில் விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் மதுரையைத் தாண்டிவிடலாம். கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே நாயின் உணவை நிறுத்திவிட்டு, வழியில் தண்ணீர் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் வாந்தி பெரும்பாலும் வருவதில்லை.

டிக்கித் தளத்துக்கு ரப்பர் பாய் வாங்கிப் போட்டோம். திருப்பங்களில் நாயின் கால் வழுக்கியது, நகத்தால் ஊன்றப் பார்த்து அது களைத்துப்போனது. அதன் மேல் பவானி ஜமுக்காளம் ஒன்றை நான்காக மடித்து விரித்த பிறகு பிடிப்புக் கிடைத்தது. தடித்த நெசவில் நகம் சிக்குவதில்லை, துவைத்துக் காயப்போடவும் எளிது. கார் தரைவிரிப்பில் குத்திக்கொள்ளும் சின்ன வெள்ளை முடியை வேக்குவம் முழுதாக எடுப்பதில்லை. பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையைச் சற்று ஈரமாக்கித் தேய்த்தால் உருண்டு உருண்டு வந்துவிடும். இருக்கைகளுக்குத் துணி உறையைவிட ரெக்சின் மேல். கோடையில் தொடை ஒட்டும், ஆனால் எச்சிலும் சேறும் ஒரே துடைப்பில் போகும்.

வண்டியின் நீளம் 4735 மி.மீ. என்பதால் போர்டிகோவை அளந்த பிறகே முன்பணம் கொடுத்தோம். கேட்டிலிருந்து சுவர் வரை பதினாறு அடி இருந்தால் வண்டி உள்ளே நின்றுவிடும். ஆனால் டிக்கிக் கதவு மேல்நோக்கித் திறப்பதற்குப் பின்னால் இன்னும் மூன்றடியாவது வேண்டும். வண்டியைப் பின்னோக்கி உள்ளே விட்டால் நாயை இறக்கவே முடியாது. முன்னோக்கி விட்டால் டிக்கி தெருவைப் பார்த்துத் திறக்கும், நாய் நேராகத் தெருவில் குதிக்கும். எனவே டிக்கிக் கதவைத் திறப்பதற்கு முன்பே, பக்கக் கதவு வழியாகக் கைவிட்டு வாரைப் பிடித்துக்கொள்வதும், "இரு" என்றால் இருக்கும்படி நாயைப் பழக்குவதும் வீட்டின் சட்டமாயின. டோல்கேட்டில் பக்கத்தில் வருகிறவரைப் பார்த்துக் குரைப்பதை மட்டும் இன்னும் நிறுத்த முடியவில்லை. அறிமுகமற்றவரை நம்பாத இனம் அது, ஃபாஸ்டேக் வந்ததால் அந்தச் சந்திப்பு சுருங்கியிருக்கிறது.

இந்த வண்டியின் குறைகளும் சின்னவை அல்ல. டீசல் செலவு, 23.24 கி.மீ. மைலேஜ் என்று சான்றளிக்கப்பட்ட ஹைகிராஸ் ஹைபிரிடோடு ஒப்பிட முடியாத அளவு அதிகம். உக்கடம் மார்க்கெட் பக்கம் போனால் நிறுத்த இடம் தேடியே நேரம் போகும். டிக்கிக் கதவு கனம். மாமியாரால் தனியாக மூட முடியாது. தளம் தரையிலிருந்து உயரம் என்பதால் இளம் நாய் தாவி ஏறிவிடும், வயதான நாயால் முடியாது. நாய்க்கு இடுப்பும் மூட்டும் தேயத் தொடங்குவதற்கு முன்பே ஏற்றப்பலகையில் நடக்கப் பழக்கிவிட வேண்டும் என்று கால்நடை மருத்துவர் சொன்னதால், ஐந்தடி நீள பிளைவுட் பலகையில் தேங்காய் நார் மிதியடியை ஆணியடித்து ஒட்டி வைத்திருக்கிறோம். மகன் அதில் ஓடி ஏறிக் காட்டிய பிறகுதான் நாய் கால் வைத்தது.

நாய் முழங்கால் உயரத்துக்குள் அடங்கும் வகையென்றால் இவ்வளவு பெரிய வண்டி தேவையே இல்லை. பக், டாஷண்ட் வளர்க்கும் வீட்டுக்கு நல்ல ஐந்து சீட் காரின் பின்சீட்டும் ஹார்னஸும் போதும். லாப்ரடார் அளவு நாயும் இரண்டு குழந்தைகளும் என்றால் எர்டிகா, கேரன்ஸ் வகை வண்டிகளில் ஒன்றை, மூன்றாம் வரிசையை நிரந்தரமாக மடக்கி வைத்துக்கொள்ளும் எண்ணத்தோடு வாங்கலாம்; டிக்கி வாசல் தாழ்வாக இருப்பதால் வயதான லாப்ரடாருக்கு அதுவே நல்லது. ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற நெடுங்கால் நாய்களோ, ஜெர்மன் ஷெப்பர்டோ இருந்து, தாத்தா பாட்டியும் அடிக்கடி உடன் வருவார்கள் என்றால் மட்டுமே பெரிய வண்டிக்குப் போக வேண்டும். அதையும் குழந்தை இருக்கையை மாட்டி, பாட்டியை உட்கார வைத்து, நாயை ஏற்றி, கடைசியாகப் பையையும் வைத்துப் பார்த்துவிட்டே முன்பணம் கொடுக்க வேண்டும். வீட்டுக்கு வரும் டெஸ்ட் டிரைவில் இவை அனைத்துக்கும் அரை மணி நேரம் போதும்; விற்பனையாளருக்கு ஒரு டம்ளர் காபி கொடுத்து உட்கார வைத்துவிட்டால் முக்கால் மணி நேரம்கூடக் கிடைக்கும்.